கித்துள் பாணியும் முப்பதாம் நோன்பும்

மச்சானோடு பயணம் போவதென்றால் வீட்டில் ஒருமுறை சாப்பிட வேண்டும், பஸ்ஸில் ஏறியதும் ஒருமுறை சாப்பிட வேண்டும், இறங்கச் சற்று முன் இன்னொருமுறை சாப்பிட வேண்டும். அக்குறணையிலிருந்து கண்டிக்குப் பத்துக் கிலோமீட்டர்தான். அதற்குள் இரண்டு வாழைப்பழமும் ஒரு துண்டு கருப்பட்டியும் என் வயிற்றுக்குள் போயிருக்கும். "பசிக்கல்ல மச்சான்" என்றால் அவருக்குச் சந்தோஷமாகிவிடும். "அதத்தான் நானும் செல்றன். பசிக்க முந்தித் தின்னு. பசிச்ச பொறகு தின்றது சாப்பாடில்ல, மருந்து" என்பார்.

என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், புருஷன் அவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். பெயர் சொல்லி இருவரும் கூப்பிட்டதில்லை, இங்கேயும் வேண்டாம். சொன்னாலும் பிரயோசனம் இல்லை. அக்குறணைச் சந்தியில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டையான ஆள். கெண்டைக்கால் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியது போலப் பருத்திருக்கும். ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தார். தோளில் எந்நேரமும் ஒரு நீல ரெக்சின் பை. கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார், மையித்து வீட்டுக்கும் அதோடுதான் வருவார். கல்யாண வீட்டில் புரியாணி வரப் பிந்தினால், சுற்றியிருக்கும் பிள்ளைகளின் வாயில் பேரீச்சம்பழம் போகும். பெண் வீட்டாருக்கு அது அவமானமாக இருக்கும். அதையெல்லாம் அவர் கவனித்ததேயில்லை.

அந்தப் பைக்கு ஒரு காரணம் இருந்தது. எண்பத்துமூன்று கலவரத்தின்போது அவர் கண்டி டவுனில் இன்னொருவருடைய இரும்புக் கடையில் வேலை பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர், மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். தெருவில் கடைகள் எரியத் தொடங்கியதும் மச்சான் அவரையும் மனைவியையும் நாலு வயது மகளையும் மேல்மாடிச் சாமான் அறைக்குள் ஏற்றி, கடையை வெளியே பூட்டிவிட்டு, தானும் பின்பக்கத்தால் உள்ளே போய்விட்டார். எல்லாம் சரி, சாப்பாட்டை மட்டும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் பிள்ளை பசியில் அழத் தொடங்கியது. தாய் சேலைத் தலைப்பால் அதன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாராம்.

"தம்பி, இவள் இப்பிடியே அழுதாளெண்டால் கீழ நிக்கிறவங்களுக்குக் கேட்டுடும். திங்கக்கூடிய ஏதாவது கிடக்கே?" என்று தகப்பன் கேட்டார்.

கடையில் கிடந்தது ஆணியும் பெயின்ட்டும். மச்சான் பின்பக்கத்தால் இறங்கி, ஊரடங்கில், தண்டவாளத்தோரமும் வயல் வரம்புமாக அக்குறணைக்கு ஓடினார். ரொட்டி, பால்மா, சுடுதண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் கருப்பட்டி எல்லாவற்றையும் ராத்தா கட்டிக்கொடுத்தாள். அதே வழியால் திரும்பி ஓடினார். வழியில் இரண்டு இடத்தில் ஆட்கள் துரத்தியிருக்கிறார்கள். பிள்ளை தப்பியது, குடும்பமும் தப்பியது, பிறகு அவர்கள் கனடா போய்விட்டார்கள். இதை நான் ராத்தாவிடமிருந்துதான் அறிந்தேன். மச்சானிடம் கேட்டால் ஒரே ஒரு வசனம்தான் வரும்: "புள்ளைக்கி ஆணியத் திங்கக் குடுக்க ஏலுமா?" அன்றிலிருந்து அவர் சாப்பாடு இல்லாமல் ஓர் அடி வைத்ததில்லை.

நீந்தப் பழகிய கதையும் இப்படித்தான். அவருடைய வாப்பாவின் கடை பழைய தெல்தெனியவில் இருந்தது. விக்டோரியா அணை கட்டி ஊரே தண்ணீருக்குள் போகப் போகிறது என்று வருடக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு தூரத்துக்குத் தண்ணி வராது" என்று வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. தண்ணீர் வாசற்படிக்கு வந்த பிறகுதான் சாமான் ஏற்றினார்கள். கடைசியில் பார்த்தால் கடையின் கதவுப் பலகைகள் அங்கேயே நிற்கின்றன. இலக்கம் போட்ட ஏழு பலாப் பலகைகள். மச்சான் நெஞ்சளவு தண்ணீரில் போய் ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைப் பிடித்துக்கொண்டே காலை உதைத்துக் கரைக்கு வந்தார். நாலாவது பலகை வரை பலகை அவரைக் கொண்டு வந்தது. ஐந்தாவதிலிருந்து அவர் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிறகு அக்குறணையில் சொந்தக் கடை போட்டபோது அதே ஏழு பலகைகள்தான் கதவு. ஞாயிற்றுக்கிழமைகளில் தெல்தெனியப் பக்கம் போய் நீந்திவிட்டு வருவார். "எங்கட கடைக்கி மேலால போய்ட்டு வந்தன்" என்று ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வந்தது போலச் சொல்வார்.

சைக்கிள் கதையில் நானும் இருக்கிறேன். நான் அப்போது தெல்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் இஸ்லாம் பாடம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எண்பத்தொன்பதில் கிளர்ச்சிக்காரர்கள் கடைகளைப் பூட்டச் சொல்லி, பஸ்களை ஓடவிடாமல் செய்த காலம். மூன்று கிழமையாக ஊருக்குப் போக வழியில்லை. தேயிலைத் தோட்டத்து மருந்துக்காரர் வீட்டு அறையொன்றில் தங்கியிருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவருடைய மனைவி கதவைத் தட்டினார்.

"சார், ஒங்க மச்சான் வந்திருக்காரு. சைக்கிள்ல. மூஞ்சிய பாத்தா பயமா இருக்கு, கொஞ்சம் வெளிய வாங்க."

அக்குறணையிலிருந்து தெல்தோட்டைக்கு, அவ்வளவு ஏற்றமும் ஏறி, மண்வெட்டிப் பிடி கட்டிக்கொண்டு போகும் கடைச் சைக்கிளில் வந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. நீலப் பையைத் திறந்து சோற்றுப் பார்சலை நீட்டி "தின்னு" என்றார். நான் அந்த வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக் கன்னம் வைத்திருந்தேன். சொன்னால் கேட்டால்தானே. நான் கடைசிக் கவளத்தை விழுங்கும்வரை எதிரே குந்தியிருந்து பார்த்தார். ஊரடங்குக்கு முன் திரும்ப வேண்டும் என்று உடனே புறப்பட்டார். வழியில் ஒரு பாலத்தடியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மிதித்ததாகச் சொன்னார். அந்த வருடம் பாலங்களுக்கு அடியில் கிடந்தவை பிணங்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் போன பிறகு நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

கூந்தற்பனைப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கித்துள் பாணியைப் பக்கெட்டில் அடைப்பது அந்தப் பயணத்துக்குப் பிறகு வந்த கண்டுபிடிப்பு. பிள்ளைகள் உறிஞ்சும் ஐஸ் பக்கெட்டின் நீளப் பொலித்தீன் பை இருக்கிறதே, அதில் இரண்டு மேசைக்கரண்டி பாணி, ஒரு சிட்டிகை உப்பு, நாலைந்து துளி தேசிக்காய்ப் புளி, எலுமிச்சைதான். நுனியில் முடிச்சு. ஏற்றத்தில் கையை விடாமல் முடிச்சைப் பல்லால் கடித்து உறிஞ்சலாம். கண்டியில் குண்டு வெடித்த காலத்தில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் இந்தப் பக்கெட்டுகளைப் பார்த்து மிரண்டு, தூரப்போய் நின்றுகொண்டு, சிங்களத்தில் "சாப்பிட்டுக் காட்டு" என்றான். மச்சான் ஒன்றை உறிஞ்சிக் காட்டினார். சந்தேகம் தீரவில்லை, இன்னொன்று என்றான். மூன்றாவதையும் முடித்துவிட்டு மச்சான் அவனைப் பார்த்து, "காலையில இருந்து நிக்கிறீங்க, சாப்பிட்டீங்களா மாத்தயா?" என்று அவனுடைய பாஷையிலேயே கேட்டார். நாலாவது பக்கெட்டைச் சிப்பாய் உறிஞ்சினான்.

யுத்த நிறுத்தம் வந்த வருடம் ஒருநாள் கடையில் ஆணி சுற்ற எடுத்த பேப்பரை மச்சான் சுற்றாமல் வாசித்துக்கொண்டிருந்தார். நீர்கொழும்புக் கடற்கரையில் ஒரு போட்டி. கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைய நீச்சல், கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே மூச்சில்.

"மூண்டும் எனக்குத் தெரியும் மச்சான்" என்றார்.

"ஒங்களுக்கு நாப்பத்தாறு வயசு. கால நீட்டிட்டு இரிக்கிற வயசு" என்றேன்.

அவர் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நான் நீந்தினது தண்ணி தொரத்தி. ஓடினது ஆள் தொரத்தி. சைக்கிள் மிதிச்சது எதுக்கெண்டு ஒனக்குத் தெரியும். ஒருக்காவாவது யாரும் தொரத்தாம இந்த மூண்டையும் செஞ்சி பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

ஆறு மாதம் தயாரானார். எந்த ஏற்றத்துக்கு எத்தனை பக்கெட், எந்த இறக்கத்தில் எத்தனை மிடறு உப்புத் தண்ணீர் என்று ஓடிப்பார்த்துத்தான் முடிவு செய்தார். ராத்தாவின் சமையலறை அவருடைய பட்டறையாகியது. குரக்கன் ரொட்டி சைக்கிளில் மெல்ல முடியாது என்று தள்ளுபடியானது. அவித்த உருளைக்கிழங்கில் உப்புத் தடவியது தேறியது. மாசிச் சம்பல் வைத்த சோற்று உருண்டை மாத்தளை ரோட்டில் அவருக்கே வயிற்றைக் கலக்கிவிட, ராத்தா இரண்டு நாள் சிரித்தாள்.

போட்டி வருட முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைச் சுவர்க் கலண்டரின்படி நோன்புப் பெருநாள் அதற்கு முதல்நாள் சனி. பெருநாள் புரியாணியோடு கடலில் இறங்கலாம் என்று மச்சான் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் நோன்பு தொடங்கும்போதே பிறை தென்படாமல் மாதம் ஒரு நாள் பிந்திவிட்டது. இனி அந்த ஞாயிறு பெருநாளாக இருக்கலாம், அல்லது முப்பதாவது நோன்பாக இருக்கலாம். சனி பொழுதுசாய மஃரிபுக்குத் தலைப்பிறை தென்பட்டால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே தயாராகும் மனிதரை முன்கூட்டித் தெரியாத ஒன்று பிடித்துக்கொண்டது. நேரே மௌலவியிடம் போனார்.

"ஹஸரத், அந்த ஒரு நோன்ப முந்தியே பிடிச்சி வெக்க ஏலாதா?"

மௌலவி சிரித்தார். "நோன்ப அட்வான்ஸாப் பிடிக்க ஏலா. நீங்க நீர்கொழும்புக்குப் போற பிரயாணி. பிரயாணிக்கி நோன்ப விடலாம், விட்டத பொறகு பிடிச்சிக் களாச் செஞ்சா சரி. மார்க்கம் லேசாக்கித்தான் வெச்சிரிக்கி."

"அது தேவைக்கிப் போறவங்களுக்கு. நான் வெளையாடப் போறன்" என்று மச்சான் எழுந்து வந்துவிட்டார்.

அது மட்டும் என்றால் நான் பயந்திருக்க மாட்டேன். நோன்பு மாதத்திலும் அவர் பயிற்சியை விடவில்லை. நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது ஓடத் தொடங்குவார், ஓட்டம் முடிய பாங்கு சொல்லும். ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மயங்கி விழுந்தார். நல்லவேளை, கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் விழுந்தார். அன்றைக்கு நீலப் பை தோளில்தான் இருந்தது, அதற்குள் ஐந்து பக்கெட் இருந்தன, பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருந்தது. பாங்கு சொல்லும்வரை ஒன்றையும் தொடவில்லை என்று தூக்கிவிட்டவர்கள் சொன்னார்கள். ராத்தா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"நீயும் கூடப் போ. மனிசனக் கொறயாமக் கொண்டு வா" என்றாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சனிக்கிழமை பின்னேரம் நீர்கொழும்பில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வானம் முழுக்க மேகம். நாட்டின் எந்தப் பகுதியிலும் பிறை தென்படவில்லை, நாளை முப்பதாவது நோன்பு என்று அறிவித்தார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "சரி, அப்ப சஹருக்கு நல்லாத் திங்கணும்" என்றார், அவ்வளவுதான். விடியப் பாங்குக்கு முன் சோறு, மூன்று முட்டை, கிழங்கு, பன்னிரண்டு பேரீச்சம்பழம், ஒரு குவளை பாணித் தண்ணீர் எல்லாம் உள்ளே போயின.

"இது கடலுக்குக் காணும். மிச்சத்துக்கு?" என்று கேட்டேன்.

"மிச்சத்துக்கு அல்லாஹ்" என்றார்.

ஆனாலும் நீலப் பையை வீட்டில் வைத்துவிட்டு வர அவரால் முடியவில்லை. என் கையில் தந்தார். நான் அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேன். ஓர் ஆளுக்கு ஓர் உதவியாள் நிற்கலாம். கடலில் இறங்கியவர்கள் எல்லாம் அவரைவிட இளசுகள், பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். அலை கொஞ்சம் முரடாக இருந்தது. குளத்துத் தண்ணீரிலும் ஆற்றிலும் பழகியவருக்கு அலை புதிது. ஒரு மணித்தியாலம் போல் பிடித்தது. கடைசியாக வந்த ஐந்தாறு பேரில் ஒருவராக மணலில் தவழ்ந்து, எழுந்து, தள்ளாடி வந்து சைக்கிள் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது.

"மச்சான்... உப்புத் தண்ணி வாய்க்குள்ள போச்சு. நோன்பு முறிஞ்சிச்சா?"

நோன்பை முறிப்பவை எவை என்பது நான் வருடா வருடம் படிப்பித்த பாடம். பரீட்சைக்குக் கேள்வியும் எடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்: விழுங்கினீர்களா, துப்பினீர்களா? நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் தொண்ணூறு கிலோமீட்டர் வெயிலும் கட்டுகஸ்தோட்டைப் பாலமும் ராத்தாவின் கையும்தான் இருந்தன.

"முறிஞ்சி போச்சு. தின்னுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு பக்கெட்டை வாங்கி முடிச்சைக் கடித்தார்.

சிலாபம் ரோட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய் வந்த முழுத் தூரமும் அவர் தன் அட்டவணைப்படி சாப்பிட்டார். ஓட்டத்தில் பாதியை நடந்தார். போட்டி முடியும் இடத்துத் தோரணத்தைக் கழற்ற ஏணி கொண்டு வந்துவிட்ட நேரத்தில், கடைசிக்கு மூன்றாவது ஆளாக, பருத்த கெண்டைக்காலை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினார். தாண்டியதும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வெறும் ரோடு, நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"யாரும் தொரத்தல்ல மச்சான்" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

பெருநாளுக்கு அடுத்த கிழமை அவர் நோன்பு பிடிப்பதாகக் கேள்விப்பட்டேன். களா நோன்பு, அதை அவர் தள்ளிப்போட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்குள் அந்தக் காலையைப் பற்றிப் பிறகு பேச்சே வரவில்லை. ஆனால் அது எனக்குள் கிடந்தது. அந்தப் பாடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் வேகமாகப் படிப்பித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

யுத்தம் முடிந்து அதிக காலம் போகவில்லை, மச்சான் கடையில் கதிரையில் இருந்தபடியே மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து எல்லோரும் போன பிறகு ராத்தா எனக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றித் தந்தாள். பேச்சு எங்கெங்கோ போய் நீர்கொழும்புக்கு வந்தது. என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு நான் சரியாக விசாரிக்காமலே அவருடைய நோன்பை முறிக்க வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றாள் ராத்தா. "அவர் வந்த அண்டைக்கே செல்லிட்டார். தண்ணி வாய்க்குள்ள போனது உண்மையாம். துப்பிட்டாராம். ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகல்லயாம்."

"அப்ப என்னத்துக்கு என்கிட்டக் கேட்டார்?"

"ஏலாமப் போச்சாம். கால் நிக்கல்லயாம். ஒன்ட மொகத்தப் பாத்தாராம், இவன்கிட்டக் கேட்டா தின்னச் செல்லுவான் எண்டு தெரிஞ்சிதான் கேட்டாராம்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெருநாளுக்குப் பொறகு ரெண்டு நோன்பு பிடிச்சார். ஒண்டு களா. மத்தது எதுக்கெண்டு கேட்டன். 'படிப்பிக்கிற மனிசன், அவன்ட வாயால தெரிஞ்சிக்கிட்டே பொய் செல்ல வெச்சிட்டன். அது அவன்ட இல்ல, என்ட' எண்டார்."

நான் பிளேன்டியைக் கீழே வைத்தேன். எட்டு வருடம் அந்தக் குற்றம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவர் அதை அந்தக் கிழமையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், என்னிடம் சொல்லாமலே, நான் கேட்க முந்தியே.

அடுத்து வந்த திங்கட்கிழமை நானும் ஒரு நோன்பு பிடித்தேன். சஹருக்கு எழுந்தபோது துளியும் பசியில்லை. மேசையில் ராத்தா அனுப்பியிருந்த பாணிப் பக்கெட் ஒன்று கிடந்தது. முடிச்சு மச்சான் போடுவது போலவே இறுக்கமாக இருந்தது. கத்தரிக்கோலைத் தேடாமல் பல்லால் கடித்து, பசிக்க முந்தி, முழுவதையும் உறிஞ்சினேன்.